குரல் போவதற்குள் ஒரு ராக் பேண்டு

பாட்டுக் கற்றுக்கொண்டு பாடகர் ஆனவர்கள் உண்டு. சினிமா ஆசையில் பாடகர் ஆனவர்கள் உண்டு. குரல் போகப் போகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த ஒரே காரணத்துக்காகப் பாடகர் ஆனவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் சங்கு அண்ணன் ஒருவர்தான். கண் பார்வை போகும் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கடைக்குப் போய் வர்ணமும் தூரிகையும் வாங்கியவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வைக்கிறேன், நன்றாகப் பழகுவார்கள்.

அவருடைய உண்மையான பெயர் மைன்ஸ் கேட் பாஸில் இருந்தது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் ஓடும் இடத்தில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை. பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணையும் கரியையும் ஓரத்தில் குனிந்து வாருகிற கூட்டம் ஒன்று உண்டு. பெல்ட் கிளம்புவதற்கு முன்னால் சைரன் அடிக்கத்தான் செய்யும். ஆனால் காலம் முழுக்கச் சைரன் கேட்டுக் காது மரத்துப்போன ஆட்கள் அதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. சங்கு அண்ணன் "ஏய், வெளிய வாங்கடா" என்று ஒரு குரல் கொடுத்தால்தான் கூடையைப் போட்டுவிட்டு வருவார்கள். எங்கள் ஊரில் சைரனுக்குச் சங்கு என்று பெயர். அந்தச் சங்கையே தோற்கடித்ததால் இவருக்கும் அதே பெயர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கைக்கு அல்ல, தொண்டைக்கு.

அந்தத் தொண்டைதான் கட்ட ஆரம்பித்தது. கடலூரில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு நரம்பு செத்துவிட்டது, இன்னொன்று செத்துக்கொண்டிருக்கிறது என்றார். கத்துவதை நிறுத்தினால் குரல் மெதுவாகப் போகும், நிறுத்தாவிட்டால் சீக்கிரம் போகும் என்றார்.

"நிறுத்துனா போவாம இருக்குமாங்க?" என்று சங்கு அண்ணன் கேட்டிருக்கிறார்.

"போகும். மெதுவா போகும்."

"ரெண்டுலயும் போவத்தான போவுது. அப்ப இன்னாத்துக்கு அத பெல்ட்டுக்கே குடுத்துகினு இருக்கணும்?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்போது எங்களிடம் ஒரு பேண்டு இருந்தது. பேண்டு என்று நாங்கள் மூன்று பேரும் சொல்லிக்கொண்டோம், டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் இருந்த மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா மகன் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன பேஸ் கிடாரை யூடியூப் பார்த்துப் பழகியிருந்தேன். ஆண்டனிக்கு சர்ச்சில் வாசித்துப் பழகிய கிடார். பாபு கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் இருந்தது, அப்பாவிடம் கார்தான் இல்லை. அதில் சாயங்காலங்களில் வாசிப்போம். ஆண்டனியே பாடுவான். ஆண்டனி பாட ஆரம்பித்தால் எதிர் குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டிருந்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பூட்ஸும் சாப்பாட்டுப் பையுமாக ஒருவர் ஷெட் வாசலில் வந்து நின்றார். முகத்தில் மண், குரலில் அதைவிட அதிகமாக மண்.

"தொண்ட கட்டுனவன் பாடற மாதிரி எதுனா பாட்டு இருக்குதாங்க?"

ஆண்டனி நேர்மையானவன். யோசித்துச் சொன்னான். "கர்நாடகத்துல விட மாட்டாங்க. மெல்லிசையிலயும் கஷ்டம். ராக்னா ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணா. தொண்டை கட்டியிருந்தா நல்லதும்பாங்க."

"அப்ப அதான்" என்று சொல்லி பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். எங்கள் ராக் பேண்டு உருவான வரலாறு இவ்வளவுதான்.

பேண்டுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணுக்கு ஓவர்பர்டன் என்று பெயர். அதை வெட்டி எடுத்து ஓரமாக மலை மாதிரி குவிப்பார்கள். "அள்ளி ஓரமா கொட்டுறானுங்களே, அதுதான் நாம" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா மட்டும் கரி. அவங்கப்பா மைன்ஸ்ல பர்மனென்ட்டு" என்றார். வேலை கிடைக்காத எனக்கு இதைவிட யாரும் உயர்ந்த பட்டம் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து நாங்கள் ஓவர்பர்டன்.

அவருக்குப் பாட்டே தெரியாது. தெரிந்தது அந்த ஒரு கத்தல்தான். சரி, அதையே கத்துங்கள் என்றோம். பாபு டிரம்ஸைப் பின்னால் சேர்த்தான், நான் பேஸில் ஒரே கம்பியை இழுத்துக்கொண்டிருந்தேன். கத்தலுக்குக் கீழே அவரே வரி சேர்த்துக்கொண்டு போனார்.

"வெளிய வாங்கடா, வெளிய வாங்கடா,
பெல்ட்டு கெளம்புது, வெளிய வாங்கடா,
கடைசியா வந்தவன் செருப்பு மட்டும்
தனியா போவுது, வெளிய வாங்கடா."

முடிந்ததும், யாருடைய செருப்பு என்று பாபு மெதுவாகக் கேட்டான். "எங்கூட படிச்சவன். வடக்க ஒரு சிமென்ட் ஆலைல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம், "இந்தப் பசங்க ஒரு கல்யாணப் பாட்டாவது பாடக் கூடாதா?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். அதன் பிறகு வந்த பாட்டுகளும் இதே சாவு ஜாதிதான். ஒன்று மருமகள் ஆஸ்பத்திரியில் காத்திருப்பது. ஒன்று காண்டிராக்ட் முடிந்து வீடு திரும்புகிறவன் பஸ்ஸில் தூங்குவது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான்.

சுருதி விஷயத்தில்தான் அவர் எங்களைப் படாத பாடு படுத்தினார். அனல்மின் நிலையத்தின் உறுமல் எங்கள் ஊரில் எந்நேரமும் இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதால் எங்களுக்கு அது கேட்காது. சங்கு அண்ணனுக்குக் கேட்டது. அதுதான் சுருதி என்று முடிவு கட்டிவிட்டார். ஆண்டனி போனில் சுருதி பார்க்கிற டியூனரைத் திறந்தால் பிடுங்கி அணைத்துவிடுவார்.

"ஊரே ஒரு சுருதில நிக்குது. நீ இன்னாத்துக்குத் தனியா போன நோண்டிகினு இருக்கற?"

கிடார் கம்பிகளையெல்லாம் அந்த உறுமலுக்கே ஏற்றி இறக்கினோம். நெய்வேலிக்குள் நாங்கள் அபாரமாக இருந்தோம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் நடந்த பேண்டுப் போட்டிக்குப் போனபோதுதான் தெரிந்தது, மற்ற ஊர்கள் உறுமுவதில்லை. மேடையில் எல்லாம் தயார். பாபு குச்சியைத் தட்டிவிட்டான். சங்கு அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. திடீரென்று மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டார். பயம் வந்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்த டிரான்ஸ்பார்மரின் வேலியை ஒட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"யோவ், தள்ளி நில்லுய்யா, கரண்டு" என்றார் கல்லூரி வாட்ச்மேன்.

"தெரியும். நம்ம ஊட்டு கரண்டுதான்" என்றார் சங்கு அண்ணன்.

பிறகு ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அந்த ஒலியை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டு, நிறைகுடம் தூக்கி வருகிற பெண்பிள்ளை மாதிரி அலுங்காமல் நடந்து மேடைக்கு வந்தார். வந்த வேகத்தில் கத்தினார் பாருங்கள், முன்வரிசையில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்த மாணவர்கள் உண்மையாகவே எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு பிளாஸ்க். நடுவர்களில் ஒருவர் சென்னையில் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறவர். எங்கள் அரங்கத்தில் வந்து வாசியுங்கள், வெயில் காலத்துக்குள் தேதி சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சங்கு அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வடலூர் தாண்டும்போது சொன்னார்.

"பாப்பா, நாம யாருன்னே தெரியாத சனங்க, முழுசா ஒரு பாட்டு உக்காந்து கேக்கணும். அது ஒண்ணு நடந்துட்டா போதும். அப்புறம் போறது போவட்டும்."

அதற்குள் காலையில் எழுந்ததும் அவருக்குக் குரல் வருவதில்லை. வெந்நீர் குடித்து, வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வந்ததும் ஷிப்டில் தீர்ந்துவிடும். இப்படியே போனால் சென்னைக்கு வெறும் தொண்டையோடுதான் போக வேண்டும். ஆகவே ஒரு முடிவெடுத்தார். சென்னை வரைக்கும் பேச்சே கிடையாது, பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பது. பெல்ட்டில் கத்துவதற்குப் பதிலாக ஒரு இரும்புத் தகட்டை ஸ்பானரால் அடித்தார். அந்தச் சத்தமும் புதுசு என்பதால் ஆட்கள் ஒழுங்காக வெளியே வந்தார்கள். அதுவரையில் எல்லாம் சரி.

அவர் வாயை மூடிய நாள்தான் வினை. தைப்பூசத்துக்கு அவர் அம்மாவை வடலூருக்கு அழைத்துப்போய் ஜோதி தரிசனம் காட்டிவிட்டு, மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்தினார். அது போதாதா. ஜோதியைப் பார்த்த இடத்திலேயே பேச்சடங்கிவிட்டதாம் என்று மந்தாரக்குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே அவர் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் வாழைப்பழச் சீப்புகள் வந்து விழுந்தன. அவர் அம்மா முதலில் மறுத்துப் பார்த்தார், அப்புறம் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். பெல்ட்டில் இவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் கண்ணபிரானைப் போல வாய்த்துடுக்கான ஆள் கிடையாது. அவரே சங்கு அண்ணனிடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பேசினார்.

"சாமி, பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. முடிக்கலாங்களா?"

சங்கு அண்ணன் தன் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். அங்கே ஒன்றும் இல்லை, போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தார். கண்ணபிரான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, தாலி வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டது என வரனைத் திருப்பி அனுப்பினார். பிற்பாடு விசாரித்தால் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது தெரியவந்தது. அதோடு சங்கு அண்ணனைச் சாமி பீடத்திலிருந்து இறக்க யாராலும் முடியவில்லை. ஷெட்டுக்கு வந்தால் மட்டும்தான் அவர் மனிதர். வந்து ஒரே ஒரு பாட்டு பாடுவார், உடனே வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

சென்னையில் தேதி சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை பாடிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆண்டனிக்குக் கவலை. அந்த நேரம் பார்த்து பாபுவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ரிட்டயர்மென்ட். எங்கள் ஊரில் ஒருவர் ரிட்டயர் ஆனால் சும்மா வீட்டுக்கு வர மாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, வெடி வெடித்து, பேண்டு வாத்தியத்தோடு குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். அன்றைக்குப் பேசிவைத்த பேண்டு செட் வரவில்லை. ஏதாவது ஒரு பேண்டு என்றால் சரி என்றார்கள். நாங்களும் ஏதோ ஒரு பேண்டுதானே. மினி லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

எங்களிடம் இருந்தது சாவுப் பாட்டு மட்டும்தான் என்பது ஊர்வலம் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தோம். "வெளிய வாங்கடா" என்று சங்கு அண்ணன் லாரி மேலிருந்து அலறினார். கல்லைத் தூக்கப் போகிறார்கள் என்று நான் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றேன். ஜீப்பில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார்.

"தம்பி, அதையே இன்னொரு தடவ பாடுங்க. நான் முழுசா வெளிய வந்துட்டேன் இல்ல?" என்றார். பத்து விரலையும் விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். சிரித்தபடி காட்டினாரா, அழுதபடியா என்று லாரி மேலிருந்து தெரியவில்லை. வழியெல்லாம் அந்தப் பாட்டைத்தான் பாடினோம். எங்களுக்கு அமைந்த மிக நல்ல ரசிகர் அவர்தான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மைத்துனர் சால்வையோடு காத்திருந்தார். மைத்துனர், சூப்பர்வைசர் கண்ணபிரான். லாரியில் நரம்பு புடைக்க அலறிக்கொண்டிருந்த சாமியை அவர் பார்த்தார். சாமியும் அவரைப் பார்த்தது. ஜெனரேட்டரைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது.

"சாமி, பேசுவீங்களா?"

"பாட்டு மட்டுங்க" என்றார் சங்கு அண்ணன்.

மறுநாள் வேலை இல்லை. கண்ணபிரான் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. "சாமின்னுதான் கத்தாம இருந்தாலும் வெச்சிகினு இருந்தேன். சாமி இல்லன்னா, கத்தாத ஆளுக்கு பெல்ட்டுல இன்னா வேல? தகட்ட அடிக்க எவன் வேணா வருவான்." ஆக, குரலை மிச்சம் பிடித்ததால் வேலை போயிற்று. மிச்சம் பிடிக்காமல் இருந்திருந்தால் குரல் போய், அதனால் வேலை போயிருக்கும். சங்கு அண்ணன் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தார். அன்றைக்கு இரண்டு பாட்டு பாடினார். எனக்கு அழுகை வந்தது, பேஸ் கம்பியைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

சென்னை அரங்கம் சிறியது. ஆனால் இருட்டும் வெளிச்சமும் சினிமாவில் வருவதுபோல் ஒழுங்காக இருந்தன. வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் எங்களைவிட நல்ல சட்டை போட்டிருந்தார்கள். எங்களை ஒருவருக்கும் தெரியாது. அவர் கேட்டதும் அதுதானே. பஸ் ஸ்டாண்டிலிருந்து அரங்கம் வரை வாயே திறக்காமல் வந்த சங்கு அண்ணன், ஆஸ்பத்திரிப் பாட்டைப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் போனைக் கீழே வைத்தார்கள். பாட்டு நன்றாகவே வந்தது. கடைசிச் சரணத்தில் குரல் ஒரு ஓரமாகக் கிழிந்ததை நாங்கள் மட்டும் கவனித்தோம். அடுத்தது அந்தப் பாட்டு.

"வெளிய வாங்கடா" என்றார். அவ்வளவுதான். அடுத்த வரியில் வாய் அசைந்தது, கழுத்து நரம்பு எழும்பியது, ஒன்றும் வரவில்லை.

"மைக், மைக்" என்று கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. ஒலி அமைப்பாளர் ஓடிவந்து மைக்கை மாற்றினார். சங்கு அண்ணன் நிறுத்தவில்லை. புது மைக்கில் பாடினார். ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றினார்கள். பெட்டியைத் தட்டினார்கள். இன்னொரு மைக் வந்தது. அந்த ஒலி அமைப்பாளர் பாவம், அவருடைய குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். மைக்கில் ஒரு குறையும் இல்லை என்பது அரங்கத்தில் எங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும். பாபு என்னைப் பார்த்தான், நிறுத்தலாமா என்று. சங்கு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். ஒரு வரி விடவில்லை, ஒரு இடம் தப்பவில்லை. செருப்பு போகிற வரிக்கு உதடு வந்தபோது நான் என்னை அறியாமல் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் வாசித்தோம், அவர் பாடினார். பாட்டு முழுசாக முடிந்தது.

கைதட்டினார்கள். பரிதாபத்தில்தான். அடுத்த முறை நல்ல மைக்கோடு கூப்பிடுகிறோம் என்று நடத்தியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சங்கு அண்ணன் நேராக ஒலி அமைப்பாளரிடம் போனார். மைக்கைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். தன் தொண்டையைக் காட்டிக் கையை ஆட்டினார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அந்த மனிதர் சங்கு அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பேண்டுக்காரர்கள் ஒயரைத் தாண்டிக்கொண்டு மேடை ஏறினார்கள்.

அதற்குப் பிறகு குரல் வரவேயில்லை. ஓவர்பர்டன் அதோடு முடிந்தது. ஆண்டனி பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறான். பாபு மறுபடியும் கல்யாணங்களுக்கு வாசிக்கிறான். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நாங்களும் சென்னைக்கு வந்துவிட்டோம். சங்கு அண்ணன் மந்தாரக்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறார். எங்கள் பேண்டு இருந்ததற்கு இணையத்தில் எந்த அடையாளமும் கிடையாது. ரெக்கார்டு செய்யலாம் என்று ஆண்டனி சொன்னபோதெல்லாம், பெட்டிக்குள்ள போட்டா பாட்டு செத்துடும் என்று சொல்லி அவர்தான் தடுத்துவிட்டார். அந்த விஷயத்தில் அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமிருந்து போன் வரும். எடுத்தால் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். நான்தான் பேசுவேன். ஆபீஸ் கதை, அம்மாவின் முட்டிவலி, மேல்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற சண்டை, இந்த வாரம் என்ன எழுதினேன் என்பது வரைக்கும். நல்ல இடம் வந்தால் அந்தப் பக்கம் மூச்சு கொஞ்சம் வேகமாக வரும், சிரிக்கிறார் என்று அர்த்தம். "யாரும் பேசாத போன்ல இவ்வளவு நேரம் யாரோட பேசுற?" என்று என் கணவர் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சாதம் ஆறிப்போனாலும் சரி, அவர் வைக்கிறவரை நான் வைப்பதில்லை.